கேள்வி யாருக்கு?

கே: அதிகாலையில் எழுந்து உட்கார்ந்து ‘நான் யார்’ என்று விடாமல் கேட்டு வருகிறேன். பதில் எதுவும் வருவதில்லை. பழைய ஆபீஸ் ஞாபகங்கள்தான் வருகின்றன. போன வாரம் ஒரு கல்யாணத்தில், என்னிடம் வேலை பார்த்த கிளார்க் என்னைக் கண்டும் காணாதது போல் போய்விட்டார். உட்கார்ந்தால் அதுவே ஓடுகிறது. என் முறையில் என்ன பிழை?
– தாசில்தார் (ஓய்வு)

ப: ஐயா, முதலில் ஒரு சந்தோஷமான செய்தி. ரமணரிடம் இதே விஷயத்தை வரிசையாகக் கேட்டு எழுதி வைத்தவரும் உங்கள் துறைக்காரர்தான். சிவப்பிரகாசம் பிள்ளை, தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறை ஊழியர். 1902-ல் அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலைக்குப் போனவர், விரூபாக்ஷ குகையில் ரமணரைப் பார்த்தார். ரமணர் அப்போது அநேகமாகப் பேசுவதில்லை. கேட்டதற்கெல்லாம் எழுதித்தான் காட்டினார். அது ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக அச்சேறியது 1923-ல். அதைப் படித்துவிட்டுத்தான் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

படித்தவர்களில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ‘நான் ஆத்மா’ என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தால் அதுவும் ஒரு நினைப்புதான். பிணம் சுடும் தடி, சிதையைக் கிளறிவிட்டுக் கடைசியில் தானும் எரிந்துபோகும் அல்லவா? ‘நான் யார்’ என்ற நினைப்பும் அப்படித்தான் என்கிறார் ரமணர். மற்ற நினைப்புகளை அழித்துவிட்டுத் தானும் அழிந்துவிடும். அதைப் போய் மந்திரம் மாதிரி ஜபித்தால் தடியைச் சேர்த்து வைப்பதாக ஆகிவிடும்.

சரி, அந்த கிளார்க் விஷயத்துக்கு வருவோம். அவர் முகம் திருப்பிய காட்சி மனதில் வரும்போது ‘ச்சீ, ஆபீஸ் நினைப்பு’ என்று விரட்டாதீர்கள். அதை விடப் பொருத்தமான பாடம் உங்களுக்குக் கிடைக்காது. காட்சி வந்ததும், இந்த வலி யாருக்கு என்று பாருங்கள். எனக்கு. எந்த எனக்கு? தாசில்தாருக்கு. அந்த நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இதில் ஒரு வலியும் இல்லை. அப்படியானால் துடிப்பது எது? அந்த இடத்தில் நில்லுங்கள். சட்டென்று ஒரு வேதாந்த வார்த்தையை எடுத்து ஒட்டிவிடாதீர்கள். சில விநாடிதான் நிற்க முடியும், அப்புறம் மனம் பந்திக்குப் போய்விடும். மறுபடி கூப்பிட்டு வர வேண்டியதுதான்.

ரமணரின் கையெழுத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. மதுரையை விட்டு 1896 ஆகஸ்டு 29-ல் கிளம்பியபோது, பதினாறு வயது வேங்கடராமன் (அதுதான் ரமணரின் இயற்பெயர்) வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்தார். ‘நான்’ என்று ஆரம்பிக்கும் அந்தச் சீட்டு பாதியில் ‘இது’ என்று மாறுகிறது. இதைத் தேடிப் பணம் செலவு செய்ய வேண்டாம் என்கிறது. கடைசியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அதற்காக நீங்களும் கோடு போடச் சொல்லவில்லை, பேங்க்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் ‘ஓய்வு’ என்று அடைப்புக்குறி போடும்போது பேனா ஒரு கணம் தயங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

கே: உடம்புதான் நான் என்று நினைத்து, அதை நன்றாக வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தால் என்ன தப்பு?
– கல்லூரி மாணவர்

ப: ஒரு தப்பும் இல்லை தம்பி. விரோசனனும் அப்படித்தான் இருந்தான். சாந்தோக்ய உபநிஷதத்தில் எட்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். தேவர்கள் பக்கமிருந்து இந்திரனும் அசுரர்கள் பக்கமிருந்து விரோசனனும் ஆத்மாவை அறிய, படைப்புக் கடவுளான பிரஜாபதியிடம் போய் 32 வருடம் தங்குகிறார்கள். நன்றாக அலங்கரித்துக்கொண்டு தண்ணீரில் உங்களைப் பாருங்கள், அதுதான் ஆத்மா என்கிறார் அவர். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. விரோசனன் ஊருக்குப் போய் உடம்பைக் கொண்டாடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

இந்திரன் மட்டும் பாதி வழியில் யோசிக்கிறான். உடம்புக்கு நகை போட்டால் பிம்பத்துக்கும் நகை வருகிறது. கண் போனால் அதற்கும் கண் போகுமே, உடம்பு அழிந்தால் அதுவும் அழியுமே! திரும்பி வந்தான். இன்னும் 32 வருடம். கனவில் இருப்பவனே ஆத்மா என்றார் குரு. அதிலும் ஓட்டை. மறுபடி 32, ஆழ்ந்த உறக்கம் என்றார். அதுவும் சரிப்படவில்லை. அப்புறம் ஐந்து வருடம், மொத்தம் 101. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே, விரோசனனை யாரும் திட்டுவதுமில்லை, கூப்பிட்டுத் திருத்துவதுமில்லை என்பதுதான். சந்தேகம் வந்தவன் திரும்பி வந்தான், அவ்வளவே. உங்களுக்கு இப்போது சந்தேகம் இல்லை. வந்தால் எழுதுங்கள்.

கே: அம்மா, மனைவி, மருமகள் எல்லாம் வேஷம், கழற்றிவிடு என்று சொற்பொழிவில் சொன்னார்கள். நான் கழற்றினால் வீடு என்ன ஆகும்?
– குடும்பத் தலைவி

ப: சொன்னவர் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டீர்களா அம்மா? ‘நான் யார்’ என்ற விசாரம் வேலையைக் கழற்றச் சொல்லவில்லை. குடும்பத்தை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டு வந்தவர்களை ரமணர் அநேகமாகத் திருப்பித்தான் அனுப்பினார். அவரே விடிவதற்கு முன் ஆசிரம அடுக்களையில் காய் நறுக்கினவர். ‘நான் இல்லாவிட்டால் இந்த வீடு நடக்காது’ என்று ஒரு பெருமை, கூடவே அதே அளவு ஒரு சலிப்பு இருக்கிறதே, இரண்டும் யாருடையவை? அதைக் கேட்க அடுப்பை அணைக்க வேண்டியதில்லை. முடிந்தால் பிருகதாரண்யக உபநிஷதத்தில் மைத்ரேயி பேசும் பகுதியைப் படியுங்கள். கணவர் யாக்ஞவல்கியர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் சொத்தைப் பிரித்துக் கொடுக்க வருகிறார். உலகம் நிறையச் செல்வம் கிடைத்தாலும் அதனால் எனக்கு அமரத்துவம் வருமா என்று அவள் கேட்கிறாள். வராது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. அந்த இடத்தில் ரிஷி அவரா அவளா என்று எனக்கு இன்னமும் குழப்பம்தான்.

கே: ‘நான் உடல் அல்ல’ என்று தெரிந்த பிறகு சர்க்கரை மாத்திரை எதற்கு? ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன்.

ப: ரமணருக்கு இடது கையில் புற்றுக்கட்டி வந்தபோது 1949-ல் நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. டாக்டர்கள் கேட்டபோதெல்லாம் கையை நீட்டினார். கையையே எடுத்துவிடலாம் என்றதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. உடம்பு தான் அல்ல என்பதில் அவரைவிட உறுதியாக நீங்கள் இருக்கிறீர்களா? இன்றைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள். ஒரு மாதமாக நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள்.