கிறிஸ்மஸ் கேக்கில் பழங்களைச் சேர்த்ததும், கலவையை அடிக்கும் மின்கருவியான பீட்டர் சூடாகிறதா?

பழங்களைக் கொட்டியதும் பீட்டர் திணறிக் கருகல் வாடை வருகிறதென்றால், அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்து, அகலமான பேசினில் கையாலேயே கலக்குங்கள். பட்டரும் சீனியும் மஞ்சள்கருவும் நுரைத்துக் குழைவதோடு பீட்டரின் வேலை முடிந்தது. இலங்கைக் கிறிஸ்மஸ் கேக்கில் சேரும் ரவை, முந்திரி, பாகில் ஊறிய பூசணித் துண்டுகளின் கனத்தைச் சுழற்றும் வலு அந்தச் சிறிய மோட்டாருக்குக் கிடையாது.

பட்டர் குளிர்ந்திருந்ததும் காரணமாக இருக்கலாம். விரலால் அழுத்திப் பாருங்கள்: எளிதில் குழி விழ வேண்டும், எண்ணெய் கசியக் கூடாது.

கலவை இறுகுகிறதே என்று பாலை ஊற்றிவிடாதீர்கள். மாவு தளர்ந்தால் பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கடைசியில் மடித்துச் சேர்க்கும் வெள்ளைக்கரு நுரையே அதை வேண்டிய அளவுக்கு இளக்கிவிடும்.