மாலை போட்டால் குடிக்காமல் இருக்க முடிகிறது, கழற்றினால் முடியவில்லையே, ஏன்?

கேட்டிருப்பவர் சொல்வது இது: ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாளும் ஒரு சொட்டு தொடுவதில்லை, மலையிலிருந்து திரும்பிய அன்றே ஆரம்பித்துவிடுகிறார், மனசை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை.

தம்பி, நானும் குடித்து நிறுத்தியவன்தான். அம்பாசமுத்திரம் பக்கம், பெயிண்டிங் வேலை. சபரிமலைக்கோ குலசை தசராவுக்கோ மாலை போடுகிறவர்களிடம் இதை வருஷா வருஷம் பார்க்கிறேன். உங்கள் மனசைக் குறை சொல்லும் முன், அந்த 41 நாளில் உங்களைச் சுற்றி என்னவெல்லாம் மாறியது என்று பாருங்கள்.

ஊரே உங்களை 'சாமி' என்று கூப்பிட்டது. முந்தின நாள்வரை "ஏல, வாரியா?" என்று கேட்ட சேக்காளி கிட்டேயே வரவில்லை. விடியுமுன் குளியல், சாயங்காலம் மறுபடி குளியல், பஜனை, நேரத்துக்குச் சாப்பாடு, கூடவே நாலு சாமிமார், கேள்வி கேட்க ஒரு குருசாமி. வழக்கமாகக் கடைக்குப் போகிற ஆறரை மணிக்கு உங்களுக்கு வேறு வேலை இருந்தது. மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. மிஞ்சுவது வைராக்கியம் மட்டும்தான், அதை மட்டும் நம்பி யாராலும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது. மாலை கொடுத்ததையெல்லாம் மாலை இல்லாமலே ஏற்பாடு பண்ணிக்கொள்வதுதான் வழி.

அதற்கு முன் உடம்பு. தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறவர் என்றால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தாதீர்கள், மாலைக்காகக்கூட. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். இதைக் காத்து கருப்பு என்று கோடாங்கியிடம் கூட்டிப்போய் நேரத்தை வீணாக்குகிறார்கள், உயிரே போகக்கூடிய விஷயம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. எவ்வளவு குடிப்பீர்கள் என்பதை டாக்டரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கம் அடங்க மருந்தும், தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். இன்னொன்று, 'குடியை மறக்கடிக்கும் மருந்து' என்று எதையும் உங்களுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும்.

சரி, அந்த ஆறரை மணி. ஆசை வந்தால் ஏறிக்கொண்டே போகும், குடித்தால்தான் அடங்கும் என்று நினைக்கிறோம். குடிக்காவிட்டாலும் அது இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் அலைமாதிரி பார்க்கச் சொன்னார்: எதிர்த்து மல்லுக்கட்டாமல், ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்துக்கொண்டே இருப்பது. வெறும் வயிற்றில் இது ரொம்பக் கஷ்டம். நான் வேலை விட்டதும் முதலில் சாப்பிட்டுவிடுவேன், அதிலேயே பாதி வேகம் குறைந்துவிடும். அப்புறம் தாமிரபரணியில் ஒரு குளியல். ஆனால் பெண்களும் பிள்ளைகளும் புழங்குகிற படித்துறையாகப் பார்த்துப் போங்கள், தோப்புப் பக்கம் வேண்டாம். பசி, கோபம், தனிமை, அசதி என்ற நாலில் எது இருந்தாலும் முதலில் அதைச் சரிபண்ணு என்று, குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஏஏ கூட்டங்களில் சொல்வார்கள். அனுபவத்தில் அது அப்படியே உண்மை.

சனிக்கிழமை கூலி கையில் இருந்தால் கால் தானாகக் கடைப் பக்கம் போகும். என் கூலியை வீட்டுக்காரி ஃபோனுக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

சாமிமார் இடத்துக்கும் ஆள் வேண்டும். ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. காசு வாங்குவதில்லை, தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. ராத்திரி யாரும் இல்லையென்றால் 14416க்கு அடியுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசு எண், இலவசம், தமிழில் பேசலாம்.

நம்ம ஊரில் பெரிய கண்டம் கோயில் கொடையும் துஷ்டி வீடும் (சாவு வீடு). கொடைக்குக் குடும்பத்தோடு போய், சாமியாட்டம் பார்த்துவிட்டு, பயல்கள் கூட்டம் சேரும் முன் கிளம்பிவிடுங்கள். துஷ்டிக்குப் போனால் சுடுகாட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து குளியுங்கள், நடுவில் யார் பைக்கிலும் ஏறாதீர்கள். கேட்பவர்களுக்கு "மருந்து சாப்பிடுதேன்" என்ற ஒரு பதில் போதும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

மனசில் மாற்ற வேண்டியது இரண்டு என்று நினைக்கிறேன். விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, மனசு அதை எண்ணிக்கொண்டே இருக்கும். இதற்கு அப்படி ஒரு நாள் வைக்காதீர்கள், இன்றைக்குக் குடிக்கவில்லை என்பதோடு நிறுத்துங்கள். அடுத்தது, விரதம் ஒரு தடவை முறிந்தால் எல்லாம் போச்சு என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஒரு நாள் தவறியவர், "அதான் கெட்டுப்போச்சே" என்று மாசக்கணக்கில் குடிப்பது அதனால்தான். தவறினால் மறுநாள் காலையிலேயே உங்களுக்குத் துணையாக இருக்கிற ஆளுக்கு ஃபோன் பண்ணி, யாரோடு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அந்த இடத்தையும் நேரத்தையும்தான் அடுத்த வாரம் மாற்ற வேண்டும். ஒரு நாளோடு நிற்காமல் பல நாள் போய்விட்டதென்றால் வீட்டில் நிறுத்திப் பார்க்காதீர்கள், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.