யன்னல் திறந்த வீட்டுக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் தேவையா? வாசகர் கேள்வி – பதில்

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கியதிலிருந்து, காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா, வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது என்று திருகோணமலையின் பல பகுதிகளிலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீடு பிரதான வீதியோரம் இருக்கிறது. ஏழு வயது மகனுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உண்டு. கச்சான் காலத்தில் இரவு இருமல் கூடுகிறது. ஹோலில் ஒரு சுத்திகரிப்பானை வைத்தால் வீடு முழுவதற்கும் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். ஓட்டுக்கூரை வீடு, ஹோலுக்கு சீலிங் இல்லை. எதை வாங்குவது? — வாசகி, பாலையூற்று

பதில்: ஹோலுக்கு எதையும் வாங்க வேண்டாம். மகன் படுக்கும் அறையைப் பற்றி மட்டும் யோசியுங்கள்.

இந்த இயந்திரம் செய்வது ஒரே வேலைதான். அறைக்காற்றை விசிறியால் இழுத்து, நெருக்கமான இழைகளாலான வடிகட்டியினூடாகச் செலுத்தி, அதே அறைக்குள் திரும்ப விடுகிறது. அதே நேரத்தில் ஓட்டு இடுக்காலும் கதவுநிலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களாலும் வெளிக்காற்று வந்துகொண்டே இருந்தால், வடிகட்டிய காற்று எந்த அளவுக்கு அறையில் நிற்கும் என்பதை ஓர் எளிய கணக்கால் பார்த்துவிடலாம். அறையின் காற்று முழுவதையும் இயந்திரம் மணிக்கு ஐந்து தடவை வடிகட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அடைத்த அறையில் வெளிக்காற்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாறுகிறது என்றால், வெளியிலிருக்கும் நுண்துகள்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே எஞ்சும். துவாரங்களால் மணிக்கு ஐந்து தடவை மாறினால் பாதி எஞ்சும். யன்னல்களைத் திறந்து வைத்து, கடற்காற்று மணிக்கு இருபது தடவை அறையைக் கடந்து போனால், ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருக்கும். இயந்திரம் மின்சாரத்தை மட்டும் தின்றுகொண்டிருக்கும். வெப்பத்துக்காகக் காற்றோட்டம் விட்டுக் கட்டப்பட்ட நமது வீடுகளுக்கும், குளிருக்காக மூடிக் கட்டப்பட்ட வீடுகளை எண்ணி உருவான இந்தச் சாதனத்துக்கும் இடையே உள்ள இந்தப் பொருத்தமின்மையைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, அந்தப் படுக்கையறையை இரவில் அடைத்து வைக்க உங்களால் முடியுமா என்பதே. குளிரூட்டி உள்ள அறை என்றால் முடியும். சாதாரண ஸ்பிளிட் ஏசி அறையிலுள்ள காற்றையேதான் சுற்றிவிடுகிறது. அதன் வலை முடியையும் பெருந்தூசையும் தடுப்பதோடு சரி, நுண்துகள்களை விட்டுவிடும். அதனுடன் சுத்திகரிப்பானும் இயங்குவது நல்ல சேர்க்கை. குளிரூட்டி இல்லாத அறையில், கச்சான் இரவின் புழுக்கத்தில் யன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளையைப் படுக்க வைப்பது நடக்கக்கூடிய காரியமன்று. அந்த நிலையில் இயந்திரத்துக்குச் செலவழிக்கும் பணத்தால் பெரிய பயன் கிடைக்காது என்பதே எமது கருத்து.

அடைக்க முடியும் என்றால் அளவைப் பாருங்கள். பெட்டியில் ‘இத்தனை சதுர அடிக்கு’ என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பிவிடக் கூடாது. சில நிறுவனங்கள் மணிக்கு ஒரேயொரு தடவை காற்று மாறினால் போதும் என்று கணக்கிட்டு அந்த எண்ணைப் பெருக்கிக் காட்டுகின்றன. பார்க்க வேண்டியது சி.ஏ.டி.ஆர். எனப்படும் சுத்தக்காற்று வழங்கும் அளவு. 12 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 37 கனமீற்றர். அதை மணிக்கு ஐந்து தடவை வடிகட்ட, மணிக்கு 190 கனமீற்றர் என்ற அளவு தேவை. அமெரிக்கப் பெட்டிகளில் இதே அளவு நிமிடத்துக்கு 110 கன அடி என்று இருக்கும். அந்த எண் உச்ச வேகத்துக்கு உரியது என்பதையும் மறக்கக் கூடாது. உச்ச வேகத்தின் இரைச்சலில் யாரும் தூங்க மாட்டார்கள். சத்தமில்லாத இரவு வேகத்தில் அது மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடலாம். எனவே 190 தேவைப்படும் அறைக்கு 300 தரக்கூடியதை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுவதே நல்லது.

வடிகட்டி உண்மையான ஹெப்பாவாக இருக்க வேண்டும். அமெரிக்க வரையறைப்படி அது 0.3 மைக்ரோமீற்றர் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கும். ஐரோப்பிய எச்-13 தரம் பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகள்களில் 99.95 வீதத்தைப் பிடிக்கும். ‘ஹெப்பா வகை’, ‘ஹெப்பா போன்றது’ என்று எழுதியிருந்தால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கச்சான் தூசைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தத் தூசில் பெரும்பகுதி கனமானது. மிதந்துகொண்டிருக்காமல் நிலத்திலும் மெத்தையிலும் படிந்துவிடும். படிந்ததை எந்த இயந்திரமும் இழுக்காது. தும்புத்தடியால் கூட்டும்போது அதுவே எழுந்து பிள்ளையின் மூக்குக்குப் போகிறது. அறையை ஈரத்துணியால் துடைப்பதும், படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுவதும், மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த உறை போடுவதும் முட்டுக்காரப் பிள்ளைக்கு இயந்திரத்தைவிட முதலில் செய்ய வேண்டியவை. கிளினிக்கில் கொடுத்த பம்மை (இன்ஹேலரை), சுத்திகரிப்பான் வந்துவிட்டது என்பதற்காக மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கூடும் காலம் கச்சான் அன்று, வாடைக்காற்றுக் காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வரும் காற்று இந்தியத் துணைக்கண்டத்தின் மாசையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது நாட்டின் பல நகரங்களில் காற்றின் தரம் மோசமடைந்ததை தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்ததும், டிசம்பர் 9 ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட துகள்கள் ஒரு கனமீற்றர் காற்றில் 24 மணித்தியாலச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டல். அத்தகைய நாட்களில் அடைத்த அறையும் சரியான அளவு இயந்திரமும் உண்மையாகவே உதவும்.

கேள்வி: மாலையில் நுளம்புத்திரி கொளுத்துகிறோம், வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணியும் உண்டு. புகையை இயந்திரம் எடுத்துவிடும்தானே? — வாசகர், கிண்ணியா

பதில்: எடுக்கும், ஆனால் நீங்கள் தொடர்ந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது அது தொடர்ந்து பின்தங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நுளம்புத்திரி எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்களின் நிறை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மூடிய அறையில் திரியைக் கொளுத்தி, பக்கத்தில் சுத்திகரிப்பானை ஓடவிடுவதைவிட ஒரு நுளம்பு வலை மலிவு. வலைக்கு வடிகட்டி மாற்ற வேண்டியதும் இல்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் யன்னலுக்கு வலையடிப்பதும் தேவை. சாம்பிராணியை வாசலிலோ விறாந்தையிலோ காட்டிவிட்டு, புகை அடங்கும்வரை யன்னல்களைத் திறந்து வையுங்கள்.

குசினிக்கும் இதுவே பொருந்தும். விறகடுப்புப் புகையும் மீன் பொரிக்கும் எண்ணெய் ஆவியும் வெளியே போக வேண்டியவை. புகைபோக்கியோ எக்ஸோஸ்ட் பேனோதான் அதற்கு வழி. சுத்திகரிப்பானைக் குசினியில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு வடிகட்டியில் ஏறி, அதன் ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வி: பிளக்கில் செருகும் சிறிய அயனிக் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வடிகட்டியே தேவையில்லையாம். அதற்குப் பதிலாக மணி பிளான்ட், கற்றாழை வளர்த்தால் போதும் என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி? — வாசகர், உப்புவெளி

பதில்: இருவர் சொல்வதும் காற்றைச் சுத்தமாக்காது, ஆனாலும் மனைவியின் யோசனையில் தீங்கு இல்லை. அயனிக் கருவிகள் துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்துச் சுவரிலும் திரைச்சீலையிலும் படியச் செய்கின்றன. அவற்றுள் பல ஓசோனையும் வெளிவிடுகின்றன. ஓசோன் சுவாசக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. கலிபோர்னியாவில் விற்கப்படும் வீட்டுச் சுத்திகரிப்பான்கள் பத்து இலட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் ஓசோனை வெளிவிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ‘மழை பெய்து ஓய்ந்த வாசனை’ என்று விளம்பரம் செய்யப்படும் கருவிகளை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். செடிகளைப் பொறுத்தவரை, 1989 இல் நாசா ஆய்வொன்று அடைத்த சிறு பெட்டிகளுக்குள் நடத்திய பரிசோதனையிலிருந்துதான் இந்த நம்பிக்கை பரவியது. உண்மையான அறையில் திறந்த யன்னலுக்கு நிகரான பயன் கிடைக்க, ஒரு சதுர மீற்றருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று 2019 இல் வெளியான மீளாய்வு கணக்கிட்டது. அழகுக்கு வளருங்கள், தொட்டியில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவிலுள்ள தங்கை விடுமுறைக்கு வரும்போது ஒரு சுத்திகரிப்பான் கொண்டுவருவதாகச் சொல்கிறார். இங்கே வேலை செய்யுமா? — வாசகி, திருக்கடலூர்

பதில்: கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்; நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிளக் மாற்றியை மட்டும் போட்டுச் செருகினால் இயந்திரம் அந்த நிமிடமே கருகக்கூடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வாங்கலாம், ஆனால் இரவு முழுவதும் சூடாகி இரைந்துகொண்டிருக்கும் இன்னொரு பெட்டியைப் படுக்கையறையில் வைப்பதில் என்ன சுகம்? லண்டனிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வருவது என்றால் மின்னழுத்தச் சிக்கல் இல்லை. மூன்று சதுரக் கம்பி பிளக்கும் இங்கே பொருந்தும். எங்கிருந்து வந்தாலும், அந்த மாதிரிக்குரிய மாற்று வடிகட்டி இலங்கையில் கிடைக்கிறதா, விலை என்ன என்பதை முதலில் விசாரியுங்கள். வடிகட்டி கிடைக்காத இயந்திரம் ஒரு வருடத்தில் வெறும் பேனாகிவிடும்.

கேள்வி: மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் போட்டால் அதன் மணம் அறைக்குள் வருகிறது. கரி வடிகட்டி உள்ள சுத்திகரிப்பான் உதவுமா? — வாசகர், நிலாவெளி

பதில்: உதவாது, ஆபத்தும் கூட. கரி வடிகட்டி மணத்தைச் சற்றுக் குறைக்கலாம். கார்பன் மொனொக்சைட்டை ஹெப்பாவும் பிடிக்காது, கரியும் பிடிக்காது. மணமற்ற அந்த வாயு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். ஜெனரேட்டரை யன்னல்களிலிருந்து நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள்.

கேள்வி: வாங்கி ஒரு மாதமாகிறது. மழை இரவுகளில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. காற்றும் மெதுவாகத்தான் வருகிறது. வடிகட்டியைக் கழுவலாமா? கரண்ட் பில் எவ்வளவு கூடும்? — வாசகர், சாம்பல்தீவு

பதில்: முதலில் பின்மூடியைக் கழற்றி, வடிகட்டி இன்னும் பொலித்தீன் உறைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். பல இயந்திரங்கள் வடிகட்டியை உறையோடு உள்ளே வைத்தே பெட்டியில் வருகின்றன. உறையை எடுக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. காற்று மெதுவாக வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இந்தச் சந்தேகம்.

உறை இல்லையென்றால் சிவப்பு விளக்குக்கு ஈரப்பதன் காரணமாக இருக்கலாம். உள்ளிருக்கும் உணரி துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியை அளப்பது. கடலோரக் காற்றிலுள்ள உப்புத் துகள்கள் ஈரத்தில் நீரை உறிஞ்சிப் பருக்கும்போது அது அளவைக் கூட்டிக் காட்டும். காய்ந்த துணியால் உணரித் துவாரத்தின் தூசைத் துடைத்துவிட்டு, வெயில் நாளொன்றில் மறுபடியும் பாருங்கள்.

ஹெப்பாவைக் கழுவக் கூடாது. தண்ணீர் பட்டால் இழைகள் கெட்டு, துகள்கள் தப்பிவிடும். கழுவக்கூடியது என்று கைநூலில் குறிப்பிட்ட முன்வலையை மட்டும் இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். ஹெப்பாவைப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மாற்ற வேண்டும். மாரிகாலத்தில் நாட்கணக்காக நிறுத்தி வைத்து ஈரம் ஏறி, பூஞ்சண மணம் வந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, திரைச்சீலை மறைக்காத இடத்தில் இயந்திரம் நிற்க வேண்டும். 40 வொட் இயந்திரம் இரவில் பத்து மணித்தியாலம் ஓடினால் 0.4 அலகு, மாதத்துக்கு 12 அலகு. உங்கள் பாவனை அடுத்த கட்டணப் படிக்கு ஏறும் எல்லையில் இருந்தால், அந்த 12 அலகு பட்டியலை எதிர்பார்த்ததைவிடக் கூட்டிவிடும். கடைசியாக வந்த பட்டியலை எடுத்து அலகுகளைக் கூட்டிப் பாருங்கள்.