செல்ஃப் எடுக்காத ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்விகள்

இந்த முறை பாதிக்கு மேல் பேட்டரிக் கடிதங்கள்தான். எந்த மாடல், எந்த ஆண்டு என்றுகூட எழுதாமல் "கார் ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்ய?" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

என்னுடையது 2008 போர்ஷே 911 (997 தலைமுறை). மூன்று வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்தால் பேட்டரி முழுக்க டவுன். பேட்டரி இருப்பது முன் டிக்கியில், டிக்கி திறப்பதோ கரண்டில். கண்ணாடியை உடைக்க வேண்டியதுதானா? (சென்னை)

ஐயோ, வேண்டாம். சாவியால் டிரைவர் கதவைத் திறங்கள். கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் ஃப்யூஸ் பெட்டி இருக்கும். அதிலுள்ள பாசிட்டிவ் முனையை வெளியே இழுத்து வேறொரு பேட்டரியின் பாசிட்டிவைக் கொடுங்கள். நெகட்டிவைக் கதவு மாட்டும் இரும்புக் கொக்கியில் பிடியுங்கள். ரிமோட்டில் டிக்கி பட்டனை அழுத்தினால் திறந்துவிடும். அலாரம் அலறலாம், பயப்படாதீர்கள். அந்த முனை டிக்கி திறக்க மட்டும்தான். அதன் வழியாக ஜம்ப் ஸ்டார்ட் (வேறு பேட்டரியின் கரண்டில் ஸ்டார்ட்) செய்யப் பார்த்தால் வயர் கருகிவிடும். கதவைத் திறந்தால் வழக்கமாகச் சற்றே இறங்கும் கதவுக் கண்ணாடி கரண்ட் இல்லாதபோது இறங்காது, அதனால் கதவை அறைந்து சாத்தாதீர்கள்.

போர்ஷே பாக்ஸ்டர் (987). ஐந்து நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை. இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றியாயிற்று. போன வருடம் டேஷ் கேமராவும் ஜிபிஎஸ் டிராக்கரும் பொருத்தினேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என நினைக்கிறேன். (கோயம்புத்தூர்)

ஏன் இருக்காது? பார்க்கிங் மோடில் (கார் நிற்கும்போதும்) ஓடும் கேமரா 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் ஹவர் (பேட்டரி கொள்ளளவை அளக்கும் கணக்கு). ஐந்து நாளில் 35. உங்கள் பேட்டரியில் பாதி காலி! ஒவ்வொரு முறையும் இப்படி வற்றவிட்டால் புது பேட்டரியும் ஒரு வருடத்தில் செத்துத்தான் போகும்.

எனக்கு எரிச்சல் இதில்தான். மூன்று பேட்டரிக்கு ஆன செலவில் ஒரு பங்குக்கு நல்ல டிசி கிளாம்ப் மீட்டர் (கேபிளைச் சுற்றி மாட்டி கரண்டை அளக்கும் கருவி) வந்துவிடும். ஆனால் "மாத்திடலாம் சார்" என்று மெக்கானிக் சொன்னதும் பர்ஸைத் திறந்துவிடுகிறோம். கழற்றிய பேட்டரியில் எத்தனை வோல்ட் இருந்தது என்று அவரும் பார்க்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி. இவ்வளவுதான் கணக்கு. அதுவும் வண்டி ஓடி நின்ற உடனே அல்ல, சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும்.

இனி சோதனை. முதலில் பேட்டரியை முழு சார்ஜ் ஏற்றுங்கள். முன் டிக்கி திறந்தே இருக்கட்டும். அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நெகட்டிவ் கேபிளில் கிளாம்பை மாட்டி, காரைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். முக்கால் மணி நேரம் காரைத் தொடக் கூடாது. கன்ட்ரோல் யூனிட்கள் (காரின் சின்னச் சின்னக் கணினிகள்) தூங்க அவ்வளவு நேரம் ஆகலாம். பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் காட்டினால் சரி. அதற்கு மேல் என்றால் ஃப்யூஸ்களைப் பிடுங்கத் தொடங்காதீர்கள். பிடுங்கிச் செருகினால் தூங்கிய யூனிட் விழித்துக்கொள்ளும். ஃப்யூஸ் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் பாருங்கள். பூஜ்யம் காட்டாதது எதுவோ அந்த சர்க்யூட்டில்தான் கரண்ட் போகிறது.

அதற்கும் முன்னால் கேமராவையும் டிராக்கரையும் கழற்றிவிட்டு ஐந்து நாள் நிறுத்திப் பாருங்கள். அநேகமாக எனக்கு மறுபடி எழுத வேண்டியிருக்காது.

தினமும் பத்து நிமிடம் ஐடிலில் ஓட விடுகிறேன். போதுமா? (மதுரை)

போதாது. செல்ஃப் அடிக்கும்போது போனதும் ஏசிக்கும் விளக்குக்கும் போவதும் சேர்ந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. நிற்கும் காரின் பேட்டரியை முழு சார்ஜிலேயே வைத்திருக்கும் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டி வையுங்கள்.

911 (997), 2006. காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது. சூடான பிறகு முக்கி முனகுகிறது. பேட்டரி புதுசு. (பெங்களூர்)

நல்ல கடிதம். வேண்டிய விவரம் எல்லாம் இருக்கிறது. ஸ்டார்ட்டருக்கும் ஆல்ட்டர்னேட்டருக்கும் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) போகும் தடித்த கேபிளைச் சந்தேகப்படுங்கள். 996-லும் (முந்தைய 911) 997-இன் ஆரம்ப கார்களிலும் இது பலருக்குத் தெரிந்த நோய். உள்ளே அரித்துப் போயிருக்கும், சூட்டில் ரெசிஸ்டன்ஸ் ஏறும். ஒருவர் செல்ஃப் அடிக்க, பேட்டரி பாசிட்டிவுக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிள் போச்சு. நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலும் அப்படியே பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்து எர்த் ஸ்ட்ராப்பை (நெகட்டிவ் இணைப்புப் பட்டை) எல்லோரும் மறக்கிறார்கள்.

ஆல்ட்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார் எங்கள் எலெக்ட்ரீஷியன். (திருச்சி)

அவர் அம்பாசிடரில் கற்றுக்கொண்ட வித்தை அது. கூடாது, கூடவே கூடாது. வோல்டேஜ் ஒரு கணம் எகிறினால் இசியு (இன்ஜின் கணினி) காலி, பில் லட்சத்தில் வரும். ஓடும்போது மீட்டரை வைத்தால் 13.8 முதல் 14.7 வரை காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பிஎம்டபிள்யூ இசட்4 (ஈ89). புது பேட்டரியைக் கணினியில் பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும்? (சிங்கப்பூர்)

கார் பழைய பேட்டரி என்றே நினைத்து அதற்கேற்ற மாதிரி சார்ஜ் செய்யும். புதியதன் ஆயுள் குறையும். பதிவு செய்துவிடுங்கள்.

2001 பாக்ஸ்டர் (986). மழைக்குப் பிறகு சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டித் திறக்கிறது, அலாரம் நள்ளிரவில் கத்துகிறது. பேட்டரி மாற்றலாமா? (லண்டன்)

மறுபடியும் பேட்டரியா! இடது சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். பூட்டையும் அலாரத்தையும் கவனிக்கும் இம்மொபிலைசர் யூனிட் அங்கேதான் இருக்கிறது. ஈரமாக இருந்தால் முதல் வேலையாகப் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள், இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான். கூரைத் துணி மடியும் இடத்துக் கீழே இருக்கும் நீர்வடி துளைகள் இலை தழையால் அடைத்திருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாமல் யூனிட்டை மாற்றினால் அடுத்த மழையில் அதுவும் போகும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5, 1995. டிக்கியில் சாதாரண ஆசிட் பேட்டரி வைக்கலாமா? விலை குறைவு. (டொரோண்டோ)

வென்ட் டியூப் (புகையை வெளியே விடும் குழாய்) பொருத்த வழி இல்லாத பேட்டரி வேண்டாம். ஆசிட் புகை டிக்கித் தகரத்தைத் தின்றுவிடும்.