அழியும் நிலையில் உள்ள ஒரு மொழிக்காக வாழ்நாளைக் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: "மொழியியல் படிக்கிறேன். பேச ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கும் அமெரிக்கப் பழங்குடி மொழி ஒன்றில் வாழ்நாள் முழுக்க வேலை செய்ய ஆசை. நடக்கிற காரியமா? அதனால் யாருக்கு என்ன பயன்?"

நடக்கும். நடத்திக் காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வில்லியம் பிரைட், அமெரிக்க மொழியியலாளர். எம்.ஏ. படிக்கும்போது தமிழ் வழியாகத்தான் இவர் எனக்கு அறிமுகம். பிராமணர் பேசும் தமிழும் மற்றவர்கள் பேசும் தமிழும் எப்படி வெவ்வேறு விதமாக மாறுகின்றன என்று ஏ.கே. ராமானுஜனோடு சேர்ந்து 1964இல் இவர் எழுதிய கட்டுரை எங்களுக்குப் பாடம். தென்னிந்திய மொழிகளில்தான் இவர் முழு வேலையும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இவர் மனசு கிடந்த இடம் வட கலிபோர்னியாவில் கிளாமத் ஆற்றங்கரை, கருக் மொழி.

1949இல் அங்கே போனபோது பிரைட்டுக்கு இருபது வயது தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான். பழங்குடிப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், சொந்த மொழி பேசினால் தண்டித்த காலத்துக்குப் பிறகு, கருக் பேச மிஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் இந்த இளைஞரை ஏற்றுக்கொண்டு ஒரு பெயரும் வைத்தார்கள்: உஹ்யனபதான்வானிச். 'வார்த்தை கேட்டு வரும் குட்டிப் பையன்' என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மொழியில் திசைகளைப் பாருங்கள். 'கருக்' என்றால் ஆற்றின் மேல்பக்கம், நீர் வரும் திசை. 'யுருக்' கீழ்பக்கம், நீர் போகும் திசை. 'மருக்' ஆற்றை விட்டு மலையேறும் பக்கம், 'சருக்' ஆற்றை நோக்கி இறங்கும் பக்கம். பக்கத்தில் வாழும் யூரோக் மக்களுக்கு அந்தப் பெயர் வந்ததே கருக் மொழியிலிருந்துதான், கீழ்பக்கத்துக்காரர்கள் என்ற பொருளில். அந்த யூரோக் மக்கள், தரையில் கிடக்கும் ஒரு பொருளை எடுக்கச் சொன்னாலும் 'இடப்பக்கம் இருப்பதை' என்று சொல்லாமல் 'ஆற்றின் மேல்பக்கம் இருப்பதை' என்பார்கள் என்று மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர் எழுதி வைத்திருக்கிறார். மேல் என்பதிலிருந்து மேற்கையும் கீழ் என்பதிலிருந்து கிழக்கையும் எடுத்த நமக்கு இது புரியாத விஷயமா என்ன? படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, பிழைப்பு? கருக் மொழிக்கென்று யாரும் மாதச் சம்பளம் தரவில்லை. 1957இல் இலக்கணம், கதைகள், சொற்கள் எல்லாம் சேர்ந்த நூல் வந்தது. 1959 முதல் 1988 வரை லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலை, கூடவே 22 வருஷம் ஓர் ஆய்விதழின் ஆசிரியர் பொறுப்பு. சோறு போட்டது அதெல்லாம்தான். நீங்களும் பாடம் நடத்துகிற வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் கருக்கை அவர் விடவே இல்லை. 2005இல் கருக் இனத்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஒருவரோடு சேர்ந்து அகராதி கொண்டுவந்தார். முதலில் அங்கே போய் 56 வருஷம் கழித்து! 2006இல் இறப்பதற்குச் சற்று முன், கருக் மக்கள் அவரைத் தங்கள் இனத்தின் கௌரவ உறுப்பினராக ஏற்றார்கள். வெளியாள் ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல்முறை.

இதே மக்களிடம் அவருக்கு முன்பே வேலை செய்தவர் ஜே.பி. ஹாரிங்டன். கலிபோர்னியாவின் எத்தனையோ மொழிகளைப் பத்து லட்சம் பக்கம் அளவுக்கு எழுதிக் குவித்தவர், ஆனால் சக ஆய்வாளர்கள் கண்ணில்கூடப் படாமல் பதுக்கியவர். 1961இல் அவர் இறந்த பிறகுதான் பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. இன்று அந்தக் குறிப்புகளை வைத்துத் தங்கள் மொழியை மீண்டும் கற்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் அவர் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் சொல்லிக் கொடுத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எழுதியது அவர்கள் கைக்குத் திரும்பிப் போவது வேறு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆய்வேட்டுக்காகச் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் இருளர் பாட்டியிடம் சில வாரம் உட்கார்ந்து சொற்கள் எழுதினேன். 'தோண்டுவதற்கு என்ன சொல்வீங்க பாட்டி?' என்று கேட்டால், "எதைத் தோண்ட? கிழங்கா, எலி வளையா? அதைச் சொல்லு கண்ணு" என்பார். கிளம்பும் நாளில், "இதெல்லாம் எங்க புள்ளைங்களுக்குக் குடுப்பியா?" என்றார். தலையாட்டினேன். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலக அலமாரிக்குப் போனது. மூன்று வருஷம் அந்தக் கேள்வி என்னை அரித்தது. பிறகு சொற்பட்டியலைத் தமிழ் எழுத்தில் அடித்து, இருபது பிரதி எடுத்துக்கொண்டு போனேன். ஐந்தாவது படிக்கும் பேத்தி திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். பாட்டி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்து, இரண்டு சொல்லில் நிறுத்தச் சொல்லித் திருத்தினார். மூன்றாவது ஒன்றைப் பேத்தியே திருத்தினாள்.