பின்சந்து வழி

அய்யா, என் அக்கா மகனுக்கு 12 வயசு. நாலாவது படிக்கும்போது பாதியில நின்னு ஒரு வருஷமா டீக்கடையில வேலை பாக்குறான். சாயங்கால வகுப்பு ஒண்ணு இருக்கு, இல்லன்னா பொங்கி (புத்த பிக்கு) மடத்துப் பள்ளிக்கூடத்துல சேருங்கன்னு தெரிஞ்சவர் சொல்றார். அதெல்லாம் இரண்டாந்தரம்தானே? சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு இருக்குமா? பையனுக்கும் படிப்பு ஏறல.
— ஒரு வாசகர், பெகு, பர்மா

அன்புள்ள தம்பி,

உங்க கடிதம் வந்த அன்னிக்குக் காலையில எங்க அண்ணனைத்தான் நெனச்சிட்டிருந்தேன், அதான் உடனே எழுத உக்காந்துட்டேன். சர்டிஃபிகேட்டைப் பத்தி அப்புறம் கவலைப்படலாம். மடத்துப் பள்ளிக்கூடத்துலயும் கவர்மெண்ட் பாடம்தான் நடத்துறாங்க, மண்டலேல 1993ல ஆரம்பிச்ச ஃபவுங் டோ ஊ பள்ளிக்கூடத்துல ஆயிரக்கணக்குல ஏழைப் பிள்ளைங்க படிச்சிருக்காங்க, அதை இரண்டாந்தரம்னு சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? போகட்டும்.

"படிப்பு ஏறல"ன்னு எழுதியிருக்கீங்களே, அதுலதான் எனக்குக் கோவம்.

அப்பா தவறின வருஷம் அண்ணன் அஞ்சாவது. அம்மா முறுக்கு சுடுவாங்க, அவன் தட்டைத் தலையில வெச்சு மார்க்கெட்டுக்குக் கொண்டு போவான். நேர் ரோடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போகும், ஆனா அவன் மழைக்காலத்துல முழங்கால் தண்ணி நிக்கிற பின்சந்து வழியாத்தான் போவான், வெள்ளைச் சட்டை பச்சை லுங்கி யூனிஃபார்மோட நிக்கிற கூட்டாளிங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு. மூணு வருஷம் கழிச்சு அம்மா கடன் வாங்கி புது பச்சை லுங்கி எடுத்து மறுபடி சேர்த்தாங்க, விட்ட வகுப்புலயே உக்கார வெச்சாங்க. மீசை அரும்புற பையன், சின்னப் பசங்க பெஞ்சுல முட்டி இடிக்க உக்காந்திருக்கான், டீச்சர் பேரைப் படிச்சதும் அவன் "ஆஜர்"னு சொன்ன உடைஞ்ச குரலுக்கு வகுப்பே சிரிச்சிருக்கு. மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டான், அதுக்கப்புறம் போகவே இல்ல. இன்னிக்கும் கடையில மாசக் கணக்கை நோட்டுப் பாக்காம ஒப்பிப்பான் தம்பி, அவனுக்கா படிப்பு ஏறல?

வெக்கம் தம்பி, வெக்கம்தான் பிள்ளைங்களைத் திரும்பி வர விடாம அடிக்குது. வறுமை வெளிய இழுத்துட்டுப் போகுது, வெக்கம் வாசல்ல நின்னு மறிக்குது. 10லிருந்து 14 வயசுப் பிள்ளைங்களுக்குன்னு இங்க நடத்துற முறைசாராத் தொடக்கக்கல்வி ரெண்டு வருஷப் படிப்பு, சாயங்காலத்துல, முடிச்சா மிடில் ஸ்கூல்ல சேரலாம். அதுல பக்கத்துல உக்கார்றவனுக்கும் 12 வயசு, அவன் கையிலயும் டீக்கடை பாத்திரம் கழுவின வெடிப்பு இருக்கும், யாரு யாரைப் பாத்து சிரிக்கிறது? 2014ல யாங்கோன்ல பஸ்ஸையே வகுப்பறையாக்கி டீக்கடைப் பசங்க இருக்கிற இடத்துக்கே ஓட்டிட்டுப் போனாங்க, எனக்கு அதைக் கேட்டப்போ அழுகை வந்துடுச்சு, எங்க அண்ணனுக்கு அப்படி ஒண்ணு வரலையேன்னு.

இவ்வளவு எழுதின நீங்க பையன் என்ன சொல்றான்னு ஒரு வரி எழுதல. தாய்மாமன் நீங்க, உங்களுக்கில்லாத உரிமை யாருக்கு? முதல்ல அவன் காலையில கடைக்கு எந்த வழியாப் போறான்னு ஒரு நாள் பின்னாடியே போய்ப் பாருங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க.