கூண்டில் இருக்கும் ஆண் எலிகள் சண்டை போட்டால் உடனே பிரித்துவிட வேண்டுமா?

ஒன்றாகவே வளர்ந்த மூன்று ஆண் எலிகள், வயது ஏழு மாதம், அதில் ஒன்று மற்ற இரண்டையும் துரத்தி மல்லாத்துகிறது, ஒரே கீச்சுச் சத்தம், ஆனால் காயம் இல்லை என்கிறீர்கள். இப்போதைக்குப் பிரிக்காதீர்கள்.

சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எலிகள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி நம் காதுக்கே எட்டாது. விளையாட்டில் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வாக்கில் குரல் கொடுக்கும், தோற்றுப் பயந்தால் 22. நமக்கோ 20-க்கு மேல் கேட்காது.

கவனிக்க வேண்டியது வாய் எங்கே போகிறது என்பதைத்தான். விளையாட்டில் குறி பிடரி. அங்கே மூக்கை வைத்துத் தேய்த்துவிட்டால் ஜெயித்த மாதிரி. நிஜச் சண்டையில் கடி விழுவது பின்பக்கத்திலும் விலாவிலும். அதற்கு முன்பே தாக்கும் எலியின் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். மயிர் சிலிர்த்து, முதுகை வளைத்து, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து எதிரியை மூலைக்குத் தள்ளும். அந்த எதிரி பின்னங்காலில் எழுந்து முன்னங்கால்களால் தடுக்கும், முடியாவிட்டால் மல்லாந்துவிடும். பணிந்துபோகிறது என்று நாம் நினைக்கிறோம். கடிபடும் இடத்தைத் தரையோடு மறைத்துக்கொள்வதும் அதில் இருக்கிறது.

ஐந்தாறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஆண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஆட்டிவைக்கும் காலம். பலவற்றுக்கு யார் பெரியவன் என்று தெரிந்ததும் அடங்கிவிடும். ஆழமான கடி விழுந்தால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள் (வெறுங்கையை நடுவில் விடாதீர்கள், தடித்த துண்டைப் போடுங்கள்). திரும்பத் திரும்ப நடந்தால் சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காயடிப்பதைப் பற்றிக் கேளுங்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும். சாதுவாக இருந்த வயதான எலி திடீரென்று கடித்தால் எங்காவது வலியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எனக்குக் கத்துகிற எலியைவிட, சத்தமே போடாமல் மூலையில் ஒடுங்கி எடை குறைகிற எலியைப் பற்றித்தான் கவலை. சாப்பாட்டை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒளியும் பெட்டிக்கு இரண்டு வாசல் இருக்கட்டும்; ஒரே வாசல் என்றால் அடாவடிக்காரன் அதில் உட்கார்ந்துகொள்வான்.

பிரித்தே ஆக வேண்டியிருந்தால் துரத்துகிற எலியை வெளியே எடுங்கள். ஆனால் தனிமை எலிக்கு ஆகாது, நாள் கூடக்கூடப் பழைய கூட்டாளியும் அந்நியன் ஆகிவிடுவான். திரும்பச் சேர்க்கும்போது யாருடைய வாசனையும் இல்லாத புது இடத்தில் சந்திக்கவிட்டு, அப்புறம் கூண்டைக் கழுவி, உள்ளே இருப்பதையெல்லாம் இடம் மாற்றி வைத்து, எல்லா எலிகளையும் ஒன்றாக விடுங்கள்.